காந்தம் முதலில் தொட்ட கல்

வீட்டில் அவளுக்கு ஊசி என்று பெயர். ஒல்லியாக இருந்ததால் வைத்த பெயர் என்றுதான் பலரும் நினைத்துக்கொள்வார்கள். காரணம் அது இல்லை. அக்காவின் தையல் கடையும் வீடும் ஒன்றுதான். முன்னறையில் இரண்டு மிஷின், ஒரு வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி; திரைக்குப் பின்னால் அடுப்பும் படுக்கையும். சாயங்காலம் கடையைப் பெருக்குவதற்கு முன் தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் யார் காலிலாவது ஏறிவிடும். அந்த வேலையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போவாள். ஊசி, குண்டூசி, கொக்கி எல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும்.

அக்காவுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளில் அது போய்விட்டது. டப்பாவில் கையை விட்டால் ஊசிகள் ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டு கொத்தாக வந்தன.

"என் ஊசியையெல்லாம் என்னடி பண்ணினே? ஒண்ணை எடுத்தா சொந்தபந்தத்தோட கிளம்பி வருது" என்றாள் அக்கா.

காந்தம் ஒருமுறை உரசினால் ஊசியும் காந்தமாகிவிடும், தன் சுபாவம் போய் அந்தக் காந்தம் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லும் என்பதைத் தங்கை புத்தகத்தில் படித்தது அதற்கு வெகுநாள் கழித்து. ஆனால் தெரிந்துகொண்டது அந்த டப்பாவில்தான்.

அக்கா எட்டாவதோடு நின்றவள். தங்கையைப் படிக்க வைத்தவள் அவள்தான் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள். அவள் படித்தாள், நான் தைத்தேன், அவ்வளவுதான் என்பாள். ஆனாலும் அளவு கொடுக்க வருகிறவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, தப்பி ஓட வழியில்லாமல் நிற்கும் நேரமாகப் பார்த்து, என் தங்கை செவ்வாய் கிரகத்தில் வண்டி ஓட்டுகிற ஆபீஸில் இருக்கிறாள் என்று ஆரம்பித்துவிடுவாள். மார்பளவு எடுத்து முடிப்பதற்குள் அவர்களுக்குப் பாதிக் கிரகம் தெரிந்துவிடும்.

வண்டி ஓட்டுவது ஊசி இல்லை. அவள் வேலை வண்டியின் கை நுனியில் இருந்தது. ஆறு சக்கரம் வைத்த அந்த ரோவருக்கு ஒரு நீளமான கை உண்டு. கையின் நுனியில் கேமரா, கல்லைச் சுரண்டும் ஒரு சின்னச் சக்கரம், காந்தமானி, கடைசியாகக் காசளவு காந்த வட்டு ஒன்று. காந்த வட்டைக் கல்லில் ஒற்றி எடுத்தால் அதிலிருக்கும் இரும்புத் தூசு ஒட்டிக்கொண்டு வரும். எப்படிப்பட்ட தூசு என்று பார்க்கலாம். காந்தமானியின் வேலை வேறு. அது கல்லைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் நின்று, கல்லுக்குள் தானாக இருக்கும் காந்தத்தை மட்டும் அளக்கும்.

எரிமலைக் குழம்பு ஆறிக் கல்லாகும்போது அதிலுள்ள மேக்னடைட் என்னும் கருப்புத் தாதுவின் துகள்கள், அந்த நேரத்தில் கிரகத்துக்கு என்ன காந்தப்புலம் இருந்ததோ அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு எத்தனை கோடி வருஷமானாலும் விடாது. இன்றைக்குச் செவ்வாய்க்கு அப்படி ஒரு புலம் இல்லை. முன்னொரு காலத்தில் இருந்ததா, எதுவரை இருந்தது என்பதைச் சொல்லக்கூடியவை கல்லுக்குள் இருக்கும் அந்தத் துகள்கள்தான். அக்காவுக்கு இது புரிய ஊசி ரொம்ப மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

"இஸ்திரி மடிப்புதானே? சூட்டுல விழுந்த மடிப்பு ஆறினதும் நின்னுக்கும்" என்றாள் அக்கா. "மறுபடி சூடு வச்சா பழைய மடிப்பு காணாமப் போயிடும், அதானே?"

அதேதான். ஆகவே ஊசியின் குழுவில் ஒரு முறை உண்டு. ஒரு கல்லை அணுகும்போது முதலில் காந்தமானி, அப்புறம்தான் காந்தம். முறை மாறினால் கல் கோடி வருஷமாகக் காப்பாற்றி வைத்திருந்ததை மறந்துவிட்டுக் காந்தம் சொன்னதைச் சொல்லும். ஆபீஸில் சோதனைக்காக மணல் பரப்பிய ஒரு முற்றமும், அதில் அந்த ரோவரைப் போலவே இன்னொரு ரோவரும் இருந்தன. முற்றத்துச் சோதனைக் கற்களையும் அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் சாவி, போன், பெல்ட் எல்லாவற்றையும் வாசலில் கழற்றி வைக்க வேண்டும். ஆபீஸில் கொடுத்த மேலங்கியில் ஜிப்பும் கொக்கியும் இருந்ததைப் பார்த்துவிட்டு ஊசி அக்காவிடம் சொன்னாள். அக்கா இரும்பே படாத மேலங்கி ஒன்று தைத்தாள். நாடா கட்டிக்கொள்வது, பொத்தான்கூட மரத்தில். முடித்ததும் அந்தப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு தையல் மேலும் தடவிப் பார்த்தாள். ஒடிந்த ஊசிமுனை எங்காவது மாட்டியிருந்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

ஒன்று தைத்தபோது கூடவே இன்னொன்றும் தைத்தாள், அதே துணியில். அது டிரைவருக்கு.

டிரைவர் என்பது ஊசியின் தோழிக்கு ஆபீஸில் வைத்த பெயர். ரோவரின் கைக்குக் கட்டளை எழுதி அனுப்புவது அவள் வேலை. இரண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலி. விடுமுறை நாளில் டிரைவர் சாப்பிட அக்கா வீட்டுக்குத்தான் வருவாள். வந்ததும் வெட்டும் மேசைக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு, "அக்கா, உங்க தங்கச்சி என்னை ஒரு தூசியைக்கூடத் தொட விடமாட்டேங்கிறா" என்று புகார் வாசிப்பாள். அவளுக்கு ஒரு கரண்டி அதிகமாகத்தான் விழும். ஊசி டப்பாக் கதையும் அவளுக்கு அத்துப்படி. அக்கா அதைச் சொல்லும்போது பாதியில் பிடுங்கி அவளே முடித்துவைப்பாள்.

ரோவர் பல மாதம் ஊர்ந்து கடைசியில் ஒரு பாறையை அடைந்தது. அதுவரை பார்த்ததெல்லாம் எங்கிருந்தோ உருண்டு வந்த கற்கள்; எந்தத் திசையைப் பார்த்து ஆறியவை என்று யாருக்குத் தெரியும். இது ஆறிய இடத்திலேயே அசையாமல் நிற்கும் பாறை. படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து ஊசியே தேர்ந்தெடுத்த பாறை. கைக்கு எட்டும்படி அதில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. இத்தனை வருஷம் அவள் பொறுத்திருந்தது இப்படி ஒரு கல்லுக்காக.

ரோவர் அங்கே போய் நின்ற நேரம், அக்காவுக்குக் கண்ணில் புரை எடுக்க நாள் குறித்திருந்தார்கள். நூல் கோக்கக் கண் தெரியாமல் அவள் தவிப்பதை ஊசி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் தள்ளிப்போடலாமா என்று கேட்டாள். அக்கா, தள்ளிப்போட்டால் என்ன, கண் எங்கே போகிறது என்றாள். டிரைவர்தான் இரண்டு பேரையும் சத்தம் போட்டாள்.

"நீ போடி. அக்கா கண்ணு முக்கியம். முதல்ல காந்தமானி, அப்புறம் காந்தம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நான் பாத்துக்க மாட்டேனா?"

ஊசி போனாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்காவின் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் டிரைவரிடமிருந்து செய்தி வந்தது: எல்லாம் நல்லபடி முடிந்தது, அக்கா எப்படி இருக்கிறார்கள்?

அளவு வந்து பார்த்தபோது ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. நினைத்ததைவிடப் பல மடங்கு காந்தம் அந்தக் கல்லில் இருந்தது. இவ்வளவா என்று ஒரு கணம் உறுத்தத்தான் செய்தது. மேக்னடைட் நிறைய இருக்கும் போலிருக்கிறது என்று குழுத் தலைவர் சொன்னார். அவளும் சரி என்று எடுத்துக்கொண்டாள். கட்டளைகள் எல்லாம் கணினியில்தான் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அவள் திறக்கவில்லை. கூடவே சாப்பிடுகிறவளைச் சரிபார்க்க யாருக்குத் தோன்றும்.

பெரிய ஹாலில் கூட்டம் போட்டு அவளைப் பேசச் சொன்னார்கள். அக்கா கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டிரைவர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது என்ன சொல்கிறாள் தெரியுமா அக்கா, இந்தக் கல் ஆறினபோது அந்தக் கிரகத்துக்குக் காந்தம் இருந்தது என்கிறாள் என்று காதோடு காதாக விளக்கிக்கொண்டே வந்தாள். முடிந்ததும் முதலில் கை தட்டினது அவள்தான். மேடையிலிருந்து பார்த்த ஊசிக்கு அந்த இரண்டு முகங்களும் சேர்ந்து தெரிந்தன.

அந்த வாரம் பத்திரிகையில் ஒரு படம் வந்தது. ரோவரின் காந்த வட்டு, அதைச் சுற்றி அந்தக் கல்லின் கருப்புத் தூசு மயிர் மயிராகச் சிலிர்த்துக்கொண்டு, மீசை முளைத்த காசு மாதிரி. அக்கா அதைக் கத்தரித்து ஓரம் பிசகாமல் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். அப்புறம் அளவு கொடுக்க வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் போக முடியும்.

இனி அதே முகத்தைச் சுரண்டி உள்ளே அளக்க வேண்டியதுதான் பாக்கி. புலம் இருந்து ஆறிய கல் என்றால் மேலும் கீழும் ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். சுரண்டும் சக்கரம் தோலை எடுத்தது, அளவு பாதியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் எடுத்தது, அதிலும் பாதி. சக்கரத்தின் பல் அதற்கு மேல் இறங்காது. காந்தமானி வெயிலில் தடுமாறியிருக்கும் என்று தலைவர் சொன்னார். டிரைவர் அடுத்த கட்டளையை எழுத ஆரம்பித்தாள். குளிர்காலம் வருவதற்குள் வெயில் விழும் சரிவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ரோவரைக் கிளப்பினார்கள். போகும் வழியில் ரோவரின் ஆறு சக்கரத்தில் ஒன்று சிக்கிக்கொண்டது. இழுத்துக்கொண்டு முன்னே போகலாம், திரும்பி வர முடியாது.

ஊசி விடவில்லை. மணல் முற்றத்தில் அதே சாதிக் கல் ஒன்றை வைத்து அளந்தாள். பிறகு காந்தத்தை வேண்டுமென்றே அதன் மேல் ஒற்றிவிட்டு, சுரண்டிச் சுரண்டி அளந்தாள். தோல் போகப் போகக் காந்தமும் போயிற்று. அங்கே வந்த அதே இறக்கம். அப்போதும் அவள் டிரைவரை நினைக்கவில்லை. கருவியைத்தான் நினைத்தாள். கையின் நுனி ஆடியிருக்குமோ, வட்டு தற்செயலாக உரசியிருக்குமோ என்று சமாதானம் தேடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அக்கா சட்டை ஒன்றுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். ஊசி கண்ணாடி முன்னால் நின்று தலையை அவிழ்த்தாள். பக்கத்தில் மீசை முளைத்த காசு. தினமும் பார்க்கிற படம்தான். அன்றைக்குத்தான் நிழலைப் பார்த்தாள். காந்த வட்டின் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. உச்சி வெயில். படத்தின் மூலையில் பொடியாக இருந்த தேதி, கல்லை அளந்த அதே நாள்; காந்தமானி அளக்க ஆரம்பித்ததோ சாயங்காலம் நெருங்கி. உச்சி வெயிலில் தூசு ஒட்டியிருக்கிறது என்றால் காந்தம் அதற்கு முன்பே கல்லைத் தொட்டிருக்கிறது. உரசலும் இல்லை ஆட்டமும் இல்லை. நின்று நிதானமாகத் தொட்டு, எடுத்து, படம் பிடித்திருக்கிறார்கள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?" என்று அக்கா கேட்டாள். ஊசி ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் கணினியில் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. டிரைவர் வாயால் கேட்க வேண்டும்போல் இருந்தது. மணல் முற்றத்தில் இரண்டு பேரும் ஒரே துணி மேலங்கியில் ரோவருக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபோது கேட்டாள். டிரைவர் மறைக்கவில்லை. கேட்பாள் என்று எதிர்பார்த்தவள் மாதிரிதான் இருந்தாள். மத்தியானமே படம் வேண்டும் என்று தலைவர் கேட்டார், வெயில் அந்த நேரம்தான் வட்டின் மேல் நேராக விழும் என்றாள்.

"ரெண்டு நிமிஷம்தான் வச்சேன்" என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"ஆமா, சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க?"

டிரைவர் காலால் மணலைத் தள்ளினாள். அப்புறம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தாளாம். அளவு அவ்வளவு பெரிதாக வந்ததும், எல்லோரும் கொண்டாடியதும், வாய் வரவில்லையாம்.

"அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு விளக்கம் சொல்ல மட்டும் வாய் வந்துச்சா?"

 டிரைவர் ரோவரை நிறுத்திவிட்டு, இது உனக்கும் எனக்கும் தலைவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது, ரோவரும் திரும்பிப் போகப் போவதில்லை என்றாள். நல்லது சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஊசிக்கு அதுதான் தாங்கவில்லை. நம்ப வைத்துக் கழுத்தை அறுக்கிறவர்கள் கோபமாக, குரோதமாக இருப்பார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். இவள் பாசமாகவே இருந்தாள்.

அந்தக் கல்லில், சக்கரத்தின் பல் எட்டாத ஆழத்தில், பழைய நினைவு இன்னும் இருக்கலாம். இல்லாமலும் போகலாம். சொல்ல இனி வழியில்லை. ஆனால் அவள் மேடையில் சொன்னது உண்மை இல்லை என்று மட்டும் தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. வாரக் கூட்டத்தில் எழுந்து, கல்லை அளப்பதற்கு முன்பே காந்தம் அதைத் தொட்டுவிட்டது, என் முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். சுரண்டிய அளவுகளையும் முற்றத்துக் கல்லின் அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினாள்.

 படம் கேட்டவர் தலைவர். காந்தத்தை வைத்தவள் டிரைவர். அந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தார்கள். இன்னார் என்று ஊசி சொல்லவில்லை. அவர்களே சொல்லட்டும் என்று நின்றாள். ஒரு வார்த்தை, நான்தான் என்று ஒரே ஒரு வார்த்தை வந்தால் போதும், மீதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது அவளுக்கு. டிரைவர் எதிரே இருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவர் பேனாவை மூடினார்.

"கல்லைத் தொடுற வேலைக்கு முழுப் பொறுப்பு உங்களோடதுதானேம்மா?" என்றார்.

"ஆமா சார்."

"அன்னைக்கு நீங்க லீவு."

"ஆமா சார்."

அதோடு கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. ரோவரின் கையிலிருந்து அவளை எடுத்து, தூசுப் படங்களைத் தரம் பிரிக்கிற வேலைக்குப் போட்டார்கள். முற்றத்தில் சோதனைக் கற்களைப் பார்த்துக்கொள்வது மட்டும் அவளிடமே இருந்தது. அவள் இடத்தில் கைக்குப் பொறுப்பு டிரைவருக்கு வந்தது.

வீட்டில் சொல்லாமல் இருக்கத்தான் பார்த்தாள். அக்காவிடம் எதை மறைக்க முடியும்? புரை எடுத்த கண் வேறு. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.  என் கண்ணுக்காக நீ வராமல் இருந்திருந்தால் என்று அக்கா ஆரம்பித்தாள். ஊசி அந்தப் பேச்சை வளர விடவில்லை. மறுநாள் காலையில் பார்த்தபோது கண்ணாடிக்குப் பக்கத்தில் படம் இல்லை. ஒட்டியிருந்த டேப்பின் அடையாளம் மட்டும் நாலு மூலையிலும் இருந்தது. அக்கா அதைச் சுரண்டி எடுக்கவும் இல்லை.

மழைக்காலம் முடிகிற சமயம். ஊசி லீவு போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். கடையில் மிஷின் நின்றது. டிரைவரின் குரல் கேட்டது. மேலங்கியின் நாடா பிய்ந்துவிட்டதாம், தோள் தையலும் விட்டிருக்கிறதாம். இரும்பு படாமல் தைக்க வேறு யாருக்கும் தெரியவில்லை என்றாள். ஊசி எழுந்து உட்கார்ந்தாள். வெளியே போகவில்லை.

அக்கா வாங்கிப் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. உட்காரச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. இருங்கள், இப்போதே தைத்துத் தருகிறேன் என்றாள். அந்த 'இருங்கள்' ஊசிக்கே சுருக்கென்றது. மிஷின் ஓடியது, நின்றது, ஓடியது. பல்லால் கடித்து நூலை அறுக்கும் பழக்கம் அக்காவுக்குக் கிடையாது. கத்தரியை எடுத்து வைக்கிற சத்தம் வந்தது. அப்புறம் இழுப்பறை திறந்தது. ஸ்பீக்கர் காந்தம். தையல் தையலாகத் தடவிக்கொண்டிருக்கிறாள் போலிருந்தது, அவ்வளவு நேரம் சத்தமே இல்லை.

"அவ என்கிட்ட பேசுறதே இல்ல, அக்கா" என்றாள் டிரைவர்.  "நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தோள்ல ரெட்டைத் தையல் போட்டிருக்கேன். இனிமே விடாது."

"அக்கா..."

"கடைக்கு வர்றவங்க என்னை டெய்லரம்மான்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள் அக்கா. சத்தம் உயரவில்லை. "நீங்களும் அப்படியே கூப்பிடுங்க."

 பிறகு டிரைவரின் செருப்புச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. அக்கா உடனே மிஷினை ஓட்டவில்லை.

ஊசி திரையை விலக்கினாள். அக்கா காந்தத்தைத் துணியில் துடைத்து இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், ஊசி டப்பாவுக்கு எட்டாத மூலையில்.

"தைச்சுக் குடுத்திட்டியா?"

"குடுத்திட்டேன்."

"நல்லா தைச்சியா?"

"நல்லாத்தான் தைச்சேன்" என்றாள் அக்கா. "அதைப் போட்டுக்கிட்டு உன் கல்லுகிட்டதானே போகப் போறா."